கன்னியாகுமரி – காஷ்மீர் நடைப்பயணம்: எந்த மாதம் கிளம்புவது, எந்தப் பக்கமிருந்து?

கேள்வி இதுதான்: வேலையை விட்டுவிட்டு ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் தொடங்கி, தேசிய நெடுஞ்சாலை 44-ஐ ஒட்டியே தனியாக நடந்து, ஆறு மாதத்தில் ஸ்ரீநகர் போய்ச் சேர வேண்டும், இந்தத் திட்டம் சரிவருமா?

ஆறு மாதம் என்ற கணக்கு சரி. வழியும் பெரும்பாலும் சரி. ஆனால் ஜனவரியில் தெற்கிலிருந்து கிளம்புவதை மட்டும் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் தொடங்கித் தெற்கே வாருங்கள். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் முதலில் சாமான் பட்டியல் போடுகிறார்கள், அப்புறம் ஷூ வாங்குகிறார்கள், தேதியை மட்டும் ஆபீஸில் நோட்டீஸ் பீரியட் முடியும் நாளை வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். இவ்வளவு நீளமான நடையில் தேதியும் திசையும் சரியாக அமைந்துவிட்டால் மற்றதையெல்லாம் வழியில் சரிசெய்துகொள்ளலாம். அவை தவறிவிட்டால் எவ்வளவு நல்ல ஷூவும் உதவாது.

முதலில் வேகக் கணக்கு. ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்குச் சுமார் 640 கிலோமீட்டர் நகரலாம். மொத்த தூரம் 3,700-ஐ ஒட்டி வரும், நீங்கள் எத்தனை இடத்தில் நெடுஞ்சாலையை விட்டு ஊர்ச்சாலையில் இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து நூறு இருநூறு கூடும். 35, 40 என்று ஒரு நாள் நடப்பது பெரிய விஷயமில்லை, நூறு நாள் தொடர்ந்து நடப்பதுதான் விஷயம். அதனால் 25-க்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது உங்கள் ஜனவரித் திட்டத்தை இந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். பெங்களூரு பிப்ரவரி ஆரம்பம், ஹைதராபாத் பிப்ரவரி கடைசி, நாக்பூர் மார்ச் மூன்றாம் வாரம். இதுவரை பிரச்சினையில்லை. அதற்கப்புறம் சாகர், ஜான்சி ஏப்ரலில், குவாலியர், ஆக்ரா ஏப்ரல் கடைசியில், டெல்லி மே பத்து வாக்கில், பஞ்சாப் முழுக்க மே மாதத்தில். அந்த ஊர்களில் அந்த மாதங்களில் 42, 44 டிகிரி என்பது சாதாரண நாள். வெயிலில் நடப்பது கஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைவிட முக்கியமான ஒன்று கணக்கில் இருக்கிறது. அந்த வெப்பத்தில் காலை நாலரைக்குக் கிளம்பி ஒன்பதுக்குள் நிறுத்திவிட வேண்டும், சாயங்காலம் தார்ச்சாலை ஆறுவதற்கே இரவாகிவிடும், ஆக நாளைக்கு 15, 18 கிலோமீட்டர்தான் போகும். எந்தப் பகுதியை வேகமாகத் தாண்ட வேண்டுமோ அங்கேதான் வேகம் குறைகிறது. குறைந்தால் வெயிலில் இருக்கும் நாட்கள் கூடும், கூடினால் உடம்பு இன்னும் தளரும். மே பத்தில் டெல்லி என்பது ஜூன் ஆகிவிடும்.

ஜனவரியில் கிளம்பி நடந்தவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். பின்னாளில் பிரதமரான சந்திரசேகர் 1983-ல் ஜனவரி 6 அன்று கன்னியாகுமரியில் கிளம்பி ஜூன் 25 அன்று டெல்லி ராஜ்காட் போய்ச் சேர்ந்தார். கோடை முழுவதையும் சாலையிலேயே கழித்த நடை அது. ஆனால் அவரோடு ஆட்கள் நடந்தார்கள், வழியெங்கும் ஊர்கள் வரவேற்றன, தங்க இடமும் சாப்பாடும் காத்திருந்தன. தனி ஆளாக முதுகில் பையோடு நடப்பவருக்கு அது அளவுகோல் ஆகாது.

சரி, செப்டம்பரில் கன்னியாகுமரியில் கிளம்பினால்? 2022-ல் ராகுல் காந்தி நடந்த யாத்திரை அந்தக் காலக்கணக்குதான்: செப்டம்பர் 7-ல் தொடங்கி, டிசம்பர் கடைசியில் டெல்லி, ஜனவரி 30-ல் ஸ்ரீநகரில் கொட்டும் பனியில் முடிந்தது. வெயிலுக்கு இது நல்ல விடை. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் மேலே போய்விடலாம், ஹைதராபாதும் நாக்பூரும் அக்டோபர் நவம்பரில் நடக்க அருமையாக இருக்கும். அதற்கப்புறம்தான் பனிமூட்டம் வருகிறது. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி கடைசி வரை ஆக்ரா, டெல்லி, ஹரியானா, பஞ்சாப் சமவெளி முழுவதும் பல நாள் காலை பத்து மணி வரை, சில நாள் மதியம் வரை, பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாது. அந்த நேரத்தில் நெடுஞ்சாலை ஓரத்தில் நடப்பது உயிரோடு விளையாடுவது. லாரிகளே ஒன்றின் பின்னால் ஒன்று மோதிக்கொள்ளும் சாலை அது. டெல்லியில் டிசம்பர் கடைசியில் பகல் வெளிச்சமே பத்தே கால் மணி நேரம்தான், அதில் காலை நேரத்தைப் பனி எடுத்துக்கொண்டால் நடக்க மிஞ்சுவது ஆறேழு மணி நேரம். அதைத் தாண்டி பிப்ரவரியில் ஜம்மு போய்ச் சேர்ந்தால் எதிரே பீர் பஞ்சால் மலை முழுக்கப் பனி, அதன் வழியாகக் காஷ்மீருக்கு ஏறும் ராம்பன் – பனிஹால் சாலை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று சொல்ல முடியாது. பாதுகாப்பும் வாகனங்களும் உள்ள கூட்டத்துக்கு அது சாத்தியம். உங்களுக்கு வேண்டாம்.

ஆக இந்த வழியில் நான்கு இடங்கள் தேதியை நிர்ணயிக்கின்றன. ராம்பன் – பனிஹால் மலைச்சாலை மழையிலும் பனியிலும் சரிந்து மூடிக்கொள்ளும், செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரைதான் ஓரளவு நம்பலாம். பஞ்சாபிலிருந்து குவாலியர் வரையுள்ள சமவெளியை டிசம்பர் நடுவுக்குள் தாண்டிவிட வேண்டும். நாக்பூர், அதிலாபாத் பகுதியை மார்ச் நடுவுக்குள். தமிழ்நாட்டுக்குள் ஜனவரிக்கு முன்னால் வரக்கூடாது. இந்த நான்கையும் காகிதத்தில் எழுதிவைத்துப் பாருங்கள், வடக்கிலிருந்து தெற்காக அவை தாமாகவே வரிசையாக நிற்கும். தெற்கிலிருந்து வடக்காக எந்தத் தேதியில் தொடங்கினாலும் ஏதாவது ஒன்று இடிக்கும்.

காரணம் பருவமழையின் போக்கு. தென்மேற்குப் பருவமழை கேரளாவில் ஜூன் 1 வாக்கில் தொடங்கி ஜூலை 8 வாக்கில் நாடு முழுவதும் பரவுகிறது. திரும்புவதும் அதே வழியில்தான்: செப்டம்பர் 17 வாக்கில் மேற்கு ராஜஸ்தானிலிருந்து விலக ஆரம்பித்து, அக்டோபர் நடுவில் முழுக்க விலகி, அப்புறம் நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையாகி டிசம்பர் வரை பெய்கிறது. நல்ல வானிலை வடக்கில் முதலில் பிறந்து மெதுவாகத் தெற்கே இறங்குகிறது. நீங்கள் அதன் பின்னாலேயே நடந்தால் போதும்.

செப்டம்பர் 25-ல் ஸ்ரீநகரில் கிளம்பினால் ஜம்மு அக்டோபர் இரண்டாம் வாரம், டெல்லி நவம்பர் முதல் வாரம், ஜான்சி நவம்பர் 24 வாக்கில், நாக்பூர் கிறிஸ்துமஸுக்கு முன்னால், ஹைதராபாத் சங்கராந்திக்கு, பெங்களூரு பிப்ரவரி பத்து, கன்னியாகுமரி மார்ச் நடுவில். இதில் இரண்டு மூன்று வாரம் தாமதமானாலும் எதுவும் உடைந்துபோகாது: ஜான்சியை டிசம்பர் 15-க்குள் தாண்டினால் போதும், கன்னியாகுமரிக்கு ஏப்ரல் முதல் வாரம் வந்தாலும் வெயில் கடிக்கும், ஆனால் தாங்கும். காய்ச்சல், கால் வீக்கம், ஊரில் ஒரு கல்யாணம், எல்லாம் வரும், அதற்கு இடம் விட்ட திட்டம் இதுதான். ஜனவரித் திட்டத்தில் ஒரு வாரம் தாமதம் என்றால் ஒரு வாரம் கூடுதல் வெயில்.

அதைவிட முன்னால், செப்டம்பர் முதல் வாரமே கிளம்பலாமே என்று தோன்றும். வேண்டாம். 2014-ல் காஷ்மீர் வெள்ளம் வந்தது செப்டம்பர் முதல் வாரத்தில். 2025-ல் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஜம்மு – ஸ்ரீநகர் சாலை அடிபட்டது, பஞ்சாபில் வெள்ளம் நின்றது. பருவமழை விலகும் முன் அந்த மலையில் நுழையாதீர்கள். வானிலைத் துறை மழை விலகும் கோட்டை வரைபடமாகவே வெளியிடுகிறது, அதைப் பார்த்துக் கிளம்பும் நாளை நான்கைந்து நாள் முன்பின்னாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டத்தில் குறை இல்லையா? இருக்கிறது, இரண்டு.

முதலாவது புகை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்ததும் வைக்கோல் தாளை வயலிலேயே எரிக்கிறார்கள். அக்டோபர் நடுவில் ஆரம்பித்து நவம்பர் முதல் இரண்டு வாரத்தில் உச்சம். நீங்கள் டெல்லியை நெருங்கும் நேரமும் அதுதான், தீபாவளிப் பட்டாசும் அதை ஒட்டியே வரும். இதை முழுக்கத் தவிர்க்க வழியில்லை. பஞ்சாபை அக்டோபருக்குள்ளேயே முடிந்தவரை கடந்துவிடுங்கள், ஓய்வு நாட்களை டெல்லிக்குள் வைக்காதீர்கள், என்95 மாஸ்க் ஒரு டஜன் பையில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவராக இருந்தால் பானிபட்டிலிருந்து மதுரா வரை ரயிலில் போய்விடுங்கள், அதனால் உங்கள் நடைக்கு ஒரு மதிப்பும் குறையாது. நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு முழுமை தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டாவது, மலை முதலிலேயே வந்துவிடுகிறது. தெற்கிலிருந்து போனால் உடம்பு நான்கைந்து மாதம் பழகியபின் மலை ஏறுவீர்கள், இங்கே இரண்டாவது வாரமே ஏற வேண்டும். ஆனால் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு தரை சமமானது. ஸ்ரீநகரிலிருந்து பாம்பூர், அவந்திபூர், சங்கம் வழியாகக் காசிகுண்ட் வரை எழுபது கிலோமீட்டர் சொச்சம் ஏற்றமே கிடையாது. அதை நாளைக்கு 15 கிலோமீட்டர் என்று நிதானமாக நடந்தால் பாதம் பழகிவிடும். அது ஆப்பிள் பறிக்கும் காலம், பழம் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும். சங்கம் பக்கம் சாலையோரமெல்லாம் கிரிக்கெட் பேட் செய்யும் பட்டறைகள், வில்லோ கட்டைகளை அடுக்கிக் காயவைத்திருப்பார்கள். வேகமாக ஓடிப்போக வேண்டிய இடமல்ல.

மலைப்பகுதியில் ஒன்று கவனிக்க வேண்டும். மேப்பில் காட்டும் தூரம் சுரங்கச்சாலைகள் வழியாக. காசிகுண்ட் – பனிஹால் சுரங்கம் எட்டரை கிலோமீட்டர், செனானி – நாஷ்ரி சுரங்கம் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல், இரண்டும் வண்டிகளுக்கானவை, உள்ளே நடக்க நினைக்காதீர்கள். பழைய சாலைகள் இருக்கின்றன. மேலே ஜவஹர் சுரங்கம் வழியாக ஒன்று, அது மூன்று கிலோமீட்டருக்குக் குறைவு, அங்கும் காவலில் இருப்பவர்களிடம் கேட்டு, அவர்கள் சொன்னால் வண்டியில் ஏறித் தாண்டுங்கள். பட்னிடாப் வழியாக இன்னொன்று, இரண்டாயிரம் மீட்டர் உயரம் ஏறி இறங்கும், சுரங்கம் வந்தபின் போக்குவரத்து குறைந்ததால் நடக்க நல்ல சாலை, ஆனால் 30 கிலோமீட்டர் கூடுதல். இதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். ராம்பன் பள்ளத்தாக்கில் மழை பெய்தால் நடக்காதீர்கள், ஒரு நாளோ இரண்டு நாளோ கடையில் உட்கார்ந்து டீ குடியுங்கள்.

சமவெளிக்கு வந்தபின் நெடுஞ்சாலையிலேயே நடக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம். நான்கு வழி, ஆறு வழிச் சாலை ஓரத்தில் பகல் முழுக்கத் தூசியும் ஹாரனும் தின்றுகொண்டு நடப்பதில் ஒரு சுகமும் இல்லை. இணையாகப் போகும் ஊர்ச்சாலைகள் பெரும்பாலும் கிடைக்கும், கிடைக்காத இடத்தில் சர்வீஸ் ரோடு, அதுவும் இல்லாவிட்டால் வண்டிகள் எதிரே வரும் பக்கத்தில் நடங்கள். பஞ்சாபில் குருத்வாராக்கள் இருக்கும் வரை தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் கவலையே இல்லை, தலையை மூடிக்கொண்டு உள்ளே போய் பொறுப்பாளரிடம் விஷயத்தைச் சொன்னால் போதும். முடிந்தால் ஒரு மணி நேரம் பாத்திரம் கழுவிக் கொடுங்கள்.

நடுவில் மத்தியப் பிரதேசம், என் பார்வையில் இந்த வழியின் சிறந்த பகுதி, டிசம்பரில் அங்கே இருப்பதற்காகவே இந்தத் திசையைத் தேர்ந்தெடுக்கலாம். நரசிங்பூர் பக்கம் பர்மானில் நர்மதையைக் கடப்பீர்கள். அங்கே நர்மதா பரிக்ரமா செய்பவர்களைப் பார்க்கலாம், ஆற்றை வலப்பக்கமே வைத்துக்கொண்டு இரண்டு கரையையும் சுற்றி வருபவர்கள். சாதுர்மாசம் என்று மழைக்காலம் நான்கு மாதமும் ஓரிடத்தில் தங்கிவிட்டு, கார்த்திகை ஏகாதசிக்கு அப்புறம்தான் திரும்ப நடப்பார்கள். எப்போது நடப்பது, எந்தப் பக்கமாக நடப்பது என்பதை அந்த மரபு எவ்வளவு காலத்துக்கு முன்பே தீர்த்து வைத்திருக்கிறது பாருங்கள். அந்தக் கரையோர ஊர்களில் நடந்து வருபவருக்குச் சோறு போடுவது பழக்கம், உங்கள் பையைப் பார்த்ததும் கூப்பிடுவார்கள். நம் ஊரில் பழனிக்குத் தைப்பூசப் பாதயாத்திரை போவதும் மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முந்தைய இடைவெளியில்தானே.

சிவனியிலிருந்து நாக்பூர் போகும் வழியில் சாலை பெஞ்ச் புலிகள் காப்பகக் காட்டை ஒட்டிப் போகிறது. விலங்குகள் கீழே கடப்பதற்காகவே சாலையை மேலே தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் துண்டில் தனியாக நடக்க வேண்டாம், காடு தொடங்கும் முன்பே பஸ் ஏறி, அதைத் தாண்டி இறங்குங்கள். டிசம்பரில் சாகரிலிருந்து அதிலாபாத் வரை இரவு நல்ல குளிர், பத்து டிகிரிக்குக் கீழே போகும், அதனால் ஸ்லீப்பிங் பேக் அதிலாபாத் வரை தேவை. நிர்மல் தாண்டியதும் கம்பளியெல்லாம் பார்சல் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம், பையில் இரண்டு கிலோ குறையும். இதுவும் திசையால் வரும் லாபம்தான், தெற்கிலிருந்து போனால் கடைசிப் பாதியில் பை கனத்துக்கொண்டே போகும்.

அனந்தபூர் பக்கம் பிப்ரவரியிலேயே வறட்சி தெரியும், அங்கிருந்து காலை ஐந்து மணிக்குக் கிளம்பும் பழக்கத்துக்கு வந்துவிடுங்கள். தெற்கு நோக்கி நடப்பதால் குளிர்காலச் சூரியன் நாள் முழுக்க முகத்திலேயே அடிக்கும், விளிம்பு வைத்த தொப்பி இல்லாமல் முடியாது.

தமிழ்நாட்டில் மழை பற்றி நான் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18-ல் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் என்ன ஆனது என்று நினைவிருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பிப்ரவரி, மார்ச்சில் அந்தக் கவலை இல்லை. ஓசூரில் நுழைந்ததிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை என்று ஒரு மாதம் சொந்த பாஷையில் நடப்பீர்கள். ஐந்து மாதம் நடந்து உடம்பும் மனசும் சலித்திருக்கும் நேரத்தில் அது எவ்வளவு பெரிய துணை என்பதை இப்போது சொன்னால் புரியாது. நண்பர்கள் சனி, ஞாயிறு வந்து கூட நடப்பார்கள். உடம்பு முடியாமல் போனால் வீட்டிலிருந்து யாராவது ராத்திரிக்குள் வந்துவிடலாம். பனிஹாலிலோ உதம்பூரிலோ கடைசி வாரம் படுத்துவிட்டால் அந்த வசதி கிடையாது.

இல்லை, ஜனவரியில்தான் லீவு, செப்டம்பர் வரை காத்திருக்க முடியாது என்றால் இரண்டாகப் பிரியுங்கள். ஜனவரி 1-ல் கன்னியாகுமரியில் தொடங்கி மார்ச் மூன்றாம் வாரம் நாக்பூரில் நிறுத்துங்கள், முழுக்க நல்ல காலம்தான், கடைசிப் பத்து நாள் மட்டும் கொஞ்சம் சூடு. பிறகு அதே வருடம் செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரில் கிளம்பி டிசம்பரில் நாக்பூரிலேயே வந்து முடியுங்கள்.

கிளம்பும் முன் மூன்று வேலை. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீருக்குள் வேலை செய்யாது, நீங்கள் தொடங்குவதே அங்கே என்பதால் ஆகஸ்டிலேயே போஸ்ட்பெய்டுக்கு மாறிவிடுங்கள். ஆதார் அட்டை அசல் கையில் இருக்கட்டும், சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள், ஸ்ரீநகரில் கிளம்பும் முன் காவல் நிலையத்தில் வழியைச் சொல்லி, அந்த வாரத்து நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், நடக்க வேண்டாம் என்று சொல்லும் பகுதியில் நடக்க வேண்டாம். மூன்றாவது, வடக்கே போக விமானம் வேண்டாம், கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை போகும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் போங்கள், மூன்று நாள் ஆகும், கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூனிலிருந்து ரயில் ஓடுகிறது. வாரம் ஒரு முறை ஓடும் வண்டி, முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கும், அதனால் ஜூலை மூன்றாம் வாரம் டிக்கெட் போட உட்கார்ந்துவிடுங்கள்.